காக்காப்போ: நியூசிலாந்தின் பறக்காத இரவுக்கிளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்துக் காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத காக்காப்போ என்ற கிளி, மனிதரோடு வந்த எலி, பூனை, கீரியைப் போன்ற ஸ்டோட் ஆகியவற்றால் அழிவின் விளிம்புவரை போனது. 1995-இல் 51 ஆகச் சுருங்கிய அதன் எண்ணிக்கை 2025-இல் ஏறத்தாழ 240. பறவைகள்மீது ஆர்வம் கொண்டவர்கள் இந்தக் கிளியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

காக்காப்போ எப்படிப்பட்ட பறவை?

உலகில் உள்ள கிளிகளிலேயே மிகக் கனமானது. பெண் ஒன்றரைக் கிலோ அளவு இருக்கும். ஆண் இரண்டு கிலோவைத் தாண்டும். இனப்பெருக்கக் காலத்துக்கு முன் நன்றாகக் கொழுத்த ஆண் நான்கு கிலோவையும் நெருங்கக்கூடும். பாசி படர்ந்த கல்லின் பச்சை நிறம், அதன்மேல் கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமாகக் கலைந்த கோடுகள், ஆந்தையைப் போல் வட்டமான முகம், அலகைச் சுற்றி மீசை போன்ற மெல்லிய தூவிகள் ஆகியவை இதன் தோற்றம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் ‘காக்கா’ என்றால் கிளி, ‘போ’ என்றால் இரவு. பகலெல்லாம் மரத்தடியிலோ புதருக்குள்ளோ உறங்கி, இருட்டிய பிறகு இரை தேடக் கிளம்புவதால் அந்தப் பெயர் வந்தது.

சிறகு உண்டு, பறக்க வலு இல்லை. ஆனால் நன்றாக நடக்கும். அலகையும் கால்களையும் பயன்படுத்தி உயரமான மரங்களின் உச்சிவரை ஏறும். இறங்கும்போது சிறகை விரித்துச் சமநிலை பார்த்துக்கொள்ளும். இலை, தண்டு, வேர், பழம், விதை எல்லாம் தின்னும். அது உண்டுபோன இடத்தை அடையாளம் காண்பது எளிது. இலையைப் பறிக்காமலேயே மென்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு நாரை விட்டுவிடுவதால், செடியிலேயே பிறை வடிவில் வெளுத்த நார்ச்சக்கைகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

பறக்கத் தெரியாத ஒரு பறவை இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது?

அது வாழ்ந்த நிலத்தில் பறக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. மனிதர் வந்து சேரும்வரை நியூசிலாந்தில் வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகளே கிடையாது. வேட்டையாடியவையெல்லாம் பறவைகளே: இன்று அழிந்துவிட்ட ஹாஸ்ட் கழுகு, எய்ல்ஸ் பூனைப்பருந்து போன்றவை. அவை வானிலிருந்து கண்ணால் தேடின. கண்ணால் தேடும் எதிரியிடமிருந்து தப்ப இரவில் நடமாடுவதும், இலைகளோடு இலையாக நிறம் கலந்து அசையாமல் நிற்பதும் போதுமானவையாக இருந்தன.

ஆபத்து வரும்போது ஓடாமல் நின்றுவிடுகிறதே, அது அறிவீனம் அல்லவா?

இந்தக் கேள்வியில் உள்ள ஏளனத்தை ஏற்க முடியவில்லை. மேலிருந்து பார்க்கும் கழுகுக்கு அசைவுதான் இரையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அசையாமல் நிற்பது பல லட்சம் ஆண்டுகள் உயிரைக் காத்த, மிகச் சரியான தற்காப்பு. ஆனால் பாலூட்டி மூக்கால் தேடுகிறது. காக்காப்போவின் உடலிலிருந்து தேனும் பூஞ்சைவாடையும் கலந்தாற்போன்ற இனிய மணம் வீசும். அருகில் நிற்கும் மனிதருக்கே தெரியக்கூடிய அந்த மணம், நாய்க்கும் பூனைக்கும் வெகுதொலைவிலிருந்தே வழி காட்டிவிடும். வழி தெரிந்து வந்தவனுக்கு முன்னால் பறவை அசையாமல் நின்றுகொண்டிருக்கும். அது கற்றுக்கொள்ள மறுத்தது என்று சொல்வது நியாயமில்லை. கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை.

எந்தெந்த விலங்குகள் எப்போது வந்தன?

மூன்று அலைகளாக வந்தன என்று பிரித்துப் பார்க்கலாம். சுமார் 1300-ஆம் ஆண்டையொட்டி மாவோரிகளின் முன்னோர் படகுகளில் வந்தபோது அவர்களுடன் கியோரே என்ற பசிபிக் எலியும் குரீ என்ற நாயும் வந்தன. மாவோரிகள் காக்காப்போவை இறைச்சிக்காக வேட்டையாடினர். அதன் இறகுகளைக் கொண்டு மேலாடைகள் செய்தனர். அந்தக் காலத்திலேயே பறவையின் பரப்பு சுருங்கத் தொடங்கிவிட்டது.

ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த இரண்டாவது அலை இன்னும் கொடியது: நார்வே எலி, கப்பல் எலி, பூனை, பிறகு மென்மயிர்த் தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பாஸம் என்ற மரமேறும் பைம்மா விலங்கு. மூன்றாவதாக வந்ததை வேண்டுமென்றே வரவழைத்தார்கள் என்பதுதான் வருத்தம் தருவது. மேய்ச்சல் நிலங்களை அழித்த முயல்களைக் கட்டுப்படுத்த, 1880-களில் ஸ்டோட், வீசல், ஃபெரட் ஆகியவற்றை இறக்குமதி செய்தார்கள். இவை கீரியைப் போல நீண்டு மெலிந்த உடல் கொண்ட, ஓயாமல் வேட்டையாடும் விலங்குகள். பறவைகள் அழிந்துவிடும் என்று அப்போதே இயற்கையாளர்கள் எச்சரித்தார்கள், எச்சரிக்கை எடுபடவில்லை. முயல்களைப் பிடிக்க விடப்பட்ட ஸ்டோட்கள் சில ஆண்டுகளிலேயே காட்டின் உள்பகுதிகளுக்குப் பரவின.

இரண்டு கிலோ எடையுள்ள பறவையை ஒரு எலி என்ன செய்துவிட முடியும்?

வளர்ந்த பறவையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கூட்டை என்ன செய்யும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெண் காக்காப்போ மரப்பொந்திலோ, வேர்களுக்கு அடியிலோ, தரையிலுள்ள குழியிலோ முட்டையிடுகிறது. ஆண் எந்த உதவியும் செய்வதில்லை. எனவே தாய் ஒவ்வோர் இரவும் முட்டைகளையும் பின்னர் குஞ்சுகளையும் தனியே விட்டுவிட்டு, நீண்ட நேரம் இரை தேடப் போயே ஆக வேண்டும். அந்த இடைவெளி எலிக்குப் போதும்.

எலியைச் சாதாரணமாக எண்ணியதற்கு நியூசிலாந்து கொடுத்த விலை ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் இரு பெருந்தீவுகளில் ஒன்றான தென்தீவுக்குத் தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவுக்கு அருகிலுள்ள பிக் சவுத் கேப் தீவில் கப்பல் எலிகள் நுழைந்தன. எலி ஒரு பறவையினத்தையே அழித்துவிடும் என்பதை அன்றைய அறிவியலாளர்களில் பலர் நம்பத் தயாராக இல்லை. சில ஆண்டுகளுக்குள் புதர் ரென், தென்தீவு உள்ளான் ஆகிய பறவைகளும், பெரிய குட்டைவால் வௌவாலும் அங்கே இல்லாமல் போயின. அந்த இனங்களின் கடைசிப் புகலிடமும் அந்தத் தீவுதான். தென்தீவுச் சேடில்பேக் பறவை மட்டும், 36 பறவைகளை அவசரமாக வேறு தீவுகளுக்கு மாற்றியதால் தப்பியது. அந்தப் பணியில் இருந்த டான் மெர்ட்டன், பின்னர் காக்காப்போ மீட்பில் முன்னணியில் நின்றவர். எலியே இல்லாத தீவுகள் வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே பிறந்தது.

பறவைகளைத் தீவுகளுக்கு மாற்றும் யோசனை புதியதா?

இல்லை. அது நூறாண்டுகளுக்கும் மேல் பழையது. முதலில் முயன்றவரின் கதை மனத்தை உலுக்கக்கூடியது. தென்தீவின் தென்மேற்கு மூலையில், செங்குத்து மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த ஃபியோர்ட்லேண்ட் பகுதியில் ரெசொல்யூஷன் தீவு உள்ளது. 1891-இல் அது காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் காப்பாளராக நியமிக்கப்பட்ட ரிச்சர்ட் ஹென்றி, 1894 முதல் சில ஆண்டுகள் ஓயாத மழையில் படகிலும் நடந்தும் சென்று நூற்றுக்கணக்கான காக்காப்போக்களையும், கிவி என்ற பறக்காத பறவைகளையும் பிடித்து அந்தத் தீவில் கொண்டு சேர்த்தார். 1900-இல் ஸ்டோட்கள் நீந்தியே தீவை அடைந்துவிட்டன. ஸ்டோட் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கடலில் நீந்தக்கூடியது. ஹென்றியின் உழைப்பு முழுவதும் வீணாயிற்று. அவர் எண்ணம் சரிதான். தேர்ந்தெடுத்த தீவு கரைக்கு மிக அருகில் இருந்துவிட்டது.

காக்காப்போ அழிந்துவிட்டது என்று ஒரு கட்டத்தில் எண்ணப்பட்டது உண்மையா?

உண்மை. 1949-க்கும் 1970-களின் தொடக்கத்துக்கும் இடையே நியூசிலாந்து வனவுயிர்ப் பணியினர் 60-க்கும் மேற்பட்ட தேடல் பயணங்களை மேற்கொண்டும் மிகச் சில பறவைகளையே கண்டனர். 1977 வாக்கில் ஃபியோர்ட்லேண்டில் 18 பறவைகள் கண்டறியப்பட்டன. அத்தனையும் ஆண்கள். ஆண்கள் மட்டுமே எஞ்சிய இனம், உயிரோடிருந்தும் முடிந்துபோன இனம்.

அதே 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் காக்காப்போக்கள் இருப்பது தெரியவந்தது. மாவோரிகள் ராகியூரா என்றழைக்கும் அந்தத் தீவில் ஸ்டோட் இல்லை என்பதுதான் அவை அங்கே எஞ்சியிருந்ததற்கு முக்கியக் காரணம். 1980-இல் அங்கே பெண் பறவையும் கிடைத்தது. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஸ்டோட் இல்லாத தீவில் பூனை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில், கண்காணிக்கப்பட்டுவந்த வளர்ந்த பறவைகளில் பாதிக்கும் மேல் ஓராண்டில் பூனைகளுக்கு இரையாகின்றன என்பது தெரிந்தது. அதன் பிறகு வேறு வழியே இருக்கவில்லை; 1997-க்குள் கண்ணில் பட்ட 61 பறவைகளும் பூனை இல்லாத தீவுகளுக்கு மாற்றப்பட்டன. காட்ஃபிஷ் தீவு என்று வரைபடங்களில் குறிக்கப்படும் ஃபெனுவா ஹோ, லிட்டில் பேரியர் தீவு, மாட் தீவு ஆகியவை அந்தப் புகலிடங்கள்.

1975-இல் ஃபியோர்ட்லேண்டில் பிடிக்கப்பட்ட ஓர் ஆணுக்கு ரிச்சர்ட் ஹென்றி என்றே பெயர் வைத்தார்கள். பெருநிலத்து மரபின், அதாவது பெருந்தீவில் எஞ்சிய பறவைகளின் மரபின், கடைசிப் பிரதிநிதி அது. 1998-இல் மாட் தீவில் ஃப்ளாஸி என்ற ஸ்டூவர்ட் தீவுப் பெண்ணுடன் கூடி மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையானது, 2010-இல் இறந்தது. அந்த மூன்று குஞ்சுகள் இல்லாவிட்டால் ஒரு மரபுக்கிளை அத்துடன் அற்றுப்போயிருக்கும்.

இனம் ஏன் இவ்வளவு மெதுவாகப் பெருகுகிறது?

இரண்டு காரணங்கள்: ஒன்று ரிமு மரம், மற்றொன்று இணை சேரும் முறை.

ரிமு என்ற ஊசியிலை மரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஏராளமாகக் காய்க்கும். அந்த ஆண்டில் மட்டுமே காக்காப்போ முட்டையிடும். குஞ்சின் எலும்பு வளர வேண்டிய கால்சியமும் வைட்டமின் டி-யும் அந்தப் பழத்தில் இருக்கின்றன. காய்ப்பு வருவதுபோல் தொடங்கிப் பழுக்காமல் போய்விட்டால் தாய்மார் திண்டாடிப்போகும்.

இணை சேரும் முறை இன்னும் வியப்பானது. கிளிகளில் ஆடுகளம் அமைத்துப் பெண்ணை அழைப்பது காக்காப்போ மட்டுமே. ஒவ்வோர் ஆணும் மலைமுகட்டில் கிண்ணம்போல் பல குழிகளைத் தோண்டும். அவற்றை ஒற்றையடிப் பாதைகளால் இணைத்து, பாதையில் ஒரு சுள்ளிகூட இல்லாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளும். ஆண் இரவில் குழிக்கு வந்ததா என்று அறிய ஆய்வாளர்கள் கையாண்ட முறை மிக எளியது: மாலையில் குழிக்குள் நாலைந்து சுள்ளிகளைப் போட்டுவிட்டுப் போவார்கள், பறவை வந்திருந்தால் காலையில் அவை அலகால் எடுத்து வெளியே எறியப்பட்டிருக்கும். குழியில் அமர்ந்த ஆண், காற்றை இழுத்து மார்பைப் பந்துபோல் உப்பவைத்து, முழவை அடித்தாற்போல ஆழ்ந்த ஒலியை எழுப்பும். காற்று வாகாக இருந்தால் அது ஐந்து கிலோமீட்டர்வரை கேட்கும். இப்படி ஓர் இரவில் எட்டு மணி நேரம், இரண்டு மூன்று மாதங்கள் முழங்கும். உடல் எடையில் பெரும் பங்கை இழக்கும். கூடிய பின் பெண் தனியே போய் ஒன்று முதல் நான்கு முட்டைகளிட்டு, சுமார் 30 நாள் அடைகாத்து, குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற ஏறத்தாழ பத்து வாரங்கள் உழைக்கும். அதற்குப் பிறகும் சில மாதங்கள் ஊட்டும்.

நீண்ட ஆயுளும் குறைந்த பிள்ளைப்பேறும் அமைதியான நிலத்துக்கு ஏற்ற கணக்கு. ஆண்டுதோறும் வளர்ந்த பறவைகளைக் கொல்லும் எதிரி நுழைந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது.

51 எப்படி 240 ஆயிற்று?

ஒவ்வொரு பறவையையும் பெயர் சொல்லி அறிந்து காத்ததால். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, காக்காப்போவைத் தம் அருஞ்செல்வமாகக் கருதும் ங்காய் தஹு மாவோரி மக்களுடன் இணைந்து இதைச் செய்கிறது. பறவைகள் முதுகில் சிறிய ரேடியோ டிரான்ஸ்மிட்டரைச் சுமக்கின்றன. எது எங்கே இருக்கிறது, எந்த இரவில் எந்த ஆணும் பெண்ணும் கூடின, எந்தப் பெண் அடைகாக்கிறது என்பதுவரை அது சொல்லிவிடும். தொடக்க காலத்தில் கூட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கூடாரத்தில் ஒருவர் விடிய விடிய விழித்திருந்து, அகச்சிவப்புக் கேமராவில் தாய் இரை தேடக் கிளம்புவதைக் கண்டதும் சிறிய மின்கம்பளி ஒன்றை முட்டைகளின்மேல் போர்த்தி வைப்பார். ஓர் இனம் மீண்டதில் அந்தப் போர்வைக்கும் பங்குண்டு.

2002-இல் ரிமு நன்றாகக் காய்த்தபோது ஒரே பருவத்தில் 24 குஞ்சுகள் தேறின. 62 என்ற எண்ணிக்கை 86 ஆனது. 2009-இல் நூறைத் தாண்டியது. 2019-இல் 70-க்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. 2022-இல் எண்ணிக்கை 250-ஐத் தொட்டது. ரிமு காய்க்காத இடைவெளியில் குஞ்சு பிறக்காமல் இறப்பு மட்டும் நிகழ்வதால் பிறகு சற்றே குறைந்தது.

கூடுதல் உணவு கொடுத்தால் விரைவில் பெருகாதா?

கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு பாடம் கிடைத்தது. நன்றாகத் தின்று எடை கூடிய பெண்களுக்கு ஆண் குஞ்சுகளே அதிகம் பிறந்தன. ஏற்கெனவே பெண்கள் குறைவான இனத்தில் இது எதிர்மறையான விளைவு. இது புரிந்தபின், முட்டையிடும் அளவுக்கு உடல் தேறவும் வேண்டும், ஆண் குஞ்சு பிறக்கும் எடையைத் தாண்டவும் கூடாது என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் உணவை அளந்து வைக்கத் தொடங்கினார்கள். பால் விகிதம் சீரானது. அன்பால் அள்ளிக் கொடுப்பதும் காப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். இடப்படும் முட்டைகளில் பாதியளவு பொரிப்பதே இல்லை. ஆகவே ஏறக்குறைய எல்லாக் காக்காப்போக்களின் மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டுள்ளது. யாரை எந்தத் தீவில் வைப்பது, எந்த ஆணின் விந்தைச் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்க அது உதவுகிறது. 2021-இல் வெளியான ஆய்வு ஓர் ஆறுதலையும் தந்தது: பல்லாயிரம் ஆண்டுகள் சிறு கூட்டமாகத் தனித்து வாழ்ந்த ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளில், தீங்கான மரபுப் பிழைகள் படிப்படியாகக் களையப்பட்டு, பெருநிலத்துப் பறவைகளைவிடக் குறைவாகவே இருக்கின்றன.

நோய்கள்?

2019-இல் அஸ்பெர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று நுரையீரலைத் தாக்கி ஒன்பது பறவைகளைக் கொன்றது. பலவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்று மாதக்கணக்கில் சிகிச்சை அளித்தார்கள்.

எலிகளையும் ஸ்டோட்களையும் நஞ்சிட்டுக் கொல்வது கொடுமையல்லவா?

கொடுமை இல்லை என்று சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை. அந்த விலங்குகள் தாமாக வரவில்லை, கொண்டுவந்தவர் மனிதர். 1080 என்ற நஞ்சை வானிலிருந்து தூவுவதற்கு நியூசிலாந்திலேயே கடும் எதிர்ப்பு உண்டு. நாய்களுக்கு அது மிகக் கேடானது, கியா என்ற மலைக்கிளிகளும் சில வேளைகளில் இறக்கின்றன. எனினும் பரந்த, மனிதர் நடக்க முடியாத காடுகளில் பொறி வைத்து மட்டும் எலியைக் கட்டுப்படுத்த இயலாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதில் சாவது கூட்டிலுள்ள குஞ்சு. சிறிய தீவுகளில் ஒருமுறை முழுமையாக ஒழித்துவிட்டால் மறுபடி நஞ்சிட வேண்டியதில்லை. ஃபெனுவா ஹோவில் 1998-இல் கியோரே எலிகளை ஒழித்தபின்தான் 2002-இன் அந்த 24 குஞ்சுகள் சாத்தியமாயின.

இன்று இருக்கும் பெரிய தடை என்ன?

இடம். பறவையைப் பெருக்கத் தெரிந்துவிட்டது. பெருகிய பறவையை விட நிலம் இல்லை. ஆங்கர் தீவு, ஃபெனுவா ஹோ போன்றவை நிரம்பிக்கொண்டு வருகின்றன. எலி, ஸ்டோட், பூனை மூன்றும் இல்லாத, ரிமு போன்ற மரங்கள் வளர்ந்த, கரையிலிருந்து போதிய தொலைவுள்ள பெரிய தீவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2023-இல் வடதீவிலுள்ள மவுங்கதௌதாரி மலைக்காட்டில், 47 கிலோமீட்டர் நீளமுள்ள விலங்குத் தடுப்பு வேலிக்குள், முதலில் நான்கு ஆண் பறவைகள் விடப்பட்டன. பெருநிலத்தில் காக்காப்போ நடமாடியது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல்முறை. சில பறவைகள் வேலியைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. உள்ளே வருவதைத் தடுக்கக் கட்டிய வேலி, மரமேறும் கிளி வெளியே போவதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2016-இல் அறிவிக்கப்பட்ட, 2050-க்குள் நாடு முழுவதும் எலி, ஸ்டோட் இனங்கள், பாஸம் ஆகியவற்றை ஒழிக்கும் திட்டம்தான் நெடுங்கால நம்பிக்கை. முன்பு பூனைகள் காக்காப்போவைத் தின்றுதீர்த்த ராகியூராவும் அந்த நம்பிக்கையில் அடங்கும். அங்கே ஒரு நாள் அந்த முழவொலி மீண்டும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கூண்டில் வளர்த்துப் பெருக்கலாமே?

ரிமு காய்ப்பும், மலைமுகட்டு ஆடுகளமும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையும் கூண்டுக்குள் அமையாது. நோயுற்ற குஞ்சுகளைச் சிலகாலம் கையில் வளர்ப்பதோடு சரி. பிறகு அவை காட்டுக்கே திரும்புகின்றன.

காக்காப்போவை நேரில் பார்க்க முடியுமா?

அது வாழும் முக்கியத் தீவுகளுக்குப் பொதுமக்கள் போக அனுமதி இல்லை. பணியாளர்களும் தொண்டர்களும் புறப்படுமுன் அவர்களுடைய பைகள், காலணிகள், கூடாரங்கள், உணவுப் பெட்டிகள் எல்லாம் பிரித்துச் சோதிக்கப்படுகின்றன. காலணி மடிப்பில் ஒட்டிய விதையைக்கூட விடமாட்டார்கள். அவர்கள் முதன்மையாகத் தேடுவது, பெட்டிக்குள் ஒளிந்து தீவுக்குப் போய்விடக்கூடிய ஒரே ஒரு சினை எலியை.